அம்மா வேஷம்

நாடகக் குழுவில் எனக்கு அம்மா வேஷம் கிடைத்ததற்குக் காரணம் என் நடிப்பு இல்லை, என் தொண்டை. ஆம்பூரில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அந்த ஹாலில் மைக் கிடையாது. மேலே தகரக் கூரை, பக்கத்திலேயே பைபாஸ் லாரிகள். அதையெல்லாம் தாண்டிக் கத்தக்கூடியவள் நான் ஒருத்திதான். பிளஸ் ஒன் படிக்கிற பெண் பெருமைப்பட்டுக்கொள்ள அது போதும்.

நாடகத்தின் கதை எங்கள் வயசுக் கதை. டியூஷன் முடிந்து வரும் பெண்ணிடம் ஒரு பையன் அத்துமீறுகிறான். பிறகு அவனே, அவள்தான் கூப்பிட்டாள் என்று கதை கட்டிவிடுகிறான். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அது சுற்றுகிறது. அவள் வீட்டில் சொல்கிறாள். அம்மா அவளைத் திட்டுகிறாள். அதோடு நாடகம் முடிந்துவிடும். உடனே முதலிலிருந்து இன்னொரு தடவை நடிப்போம். இந்தத் தடவை, இப்படி நடந்திருக்கக் கூடாது என்று யாருக்குத் தோன்றினாலும் கையைத் தூக்கலாம். தூக்கியவர் மேடைக்கு வந்து அந்த வேஷத்தைத் தானே நடிக்க வேண்டும். வேஷத்தை விட்டவர் போய் அவருடைய நாற்காலியில் உட்கார வேண்டும். குழுவை நடத்திய காலேஜ் அக்கா இந்த விதியில் மட்டும் ரொம்பக் கறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே புத்தி சொல்ல யாரையும் விடமாட்டார்.

அக்கா எங்கிருந்தோ எடுத்து வந்த அந்தக் கதை கிட்டத்தட்ட எனக்கே நடந்தது என்று குழுவில் யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்னால், டியூஷன் மாடிப்படியில். அதை இங்கே விவரிக்கப்போவதில்லை. விவரம் கேட்டே என்னைச் சாகடித்தவர்கள் பிறகு நிறையப் பேர் வந்தார்கள். அன்றைக்கு அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை. களைத்துப்போய் வந்தவளிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"நீ எதுக்கு கடைசியா எறங்குன? எல்லாரும் போய்ட்டப்புறம் உனுக்கு அங்க இன்னா வேலை?" என்றாள். அப்புறம், "வெளிய மூச்சு உடாத" என்றாள்.

டியூஷன் நின்றது. போன் பீரோவுக்குள் போனது. அதன் பிறகு நாங்கள் சாப்பாட்டையும் தண்ணீர் லாரியையும் பற்றி மட்டுமே பேசினோம். அம்மா என்னை நம்பவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். போகப்போக எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் ஏன் கடைசியாக இறங்கினேன்? பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அது ஒரு குற்றமா?

நாடகத்துக்கு மட்டும் தடை விழவில்லை. சர்ச் ஹாலில் நடப்பதால் ஏதோ பைபிள் கதை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

ஒத்திகையில் அக்கா, "வசனம்லாம் எழுதித் தரமாட்டேன். உங்க வீட்ல எப்டி பேசுவாங்களோ அப்டி பேசு" என்றார். பேசினேன். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். அதில் ஒரு வார்த்தைகூட நான் யோசித்தது கிடையாது, அத்தனையும் அம்மாவுடையது. அவளைப் பழிவாங்குகிற சந்தோஷம் எனக்கு அதில் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கம்பெனிப் பெண்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நடித்தோம். அம்மாவுக்கு அன்றைக்கு ஓவர்டைம் வேலை; வரமாட்டாள் என்ற தைரியத்தில் இருந்தேன். ஷூவுக்கான சோல் லோடு வரவில்லை என்று ஓ.டி. கேன்சல் ஆனது எனக்கு எப்படித் தெரியும்? "எதுக்கு கடைசியா எறங்குன" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் மூன்றாவது வரிசையில் அவளைப் பார்த்தேன். கூடவே அவள் லைனில் தைக்கிற பெண்கள்.  என் தொண்டை அதுபாட்டுக்குக் கத்தி முடித்தது.

இரண்டாவது தடவை அதே இடம் வந்தது. கையைத் தூக்கியது அம்மா.

அவள் யாரென்று அக்காவுக்குத் தெரியாது. "வாங்கம்மா" என்றார். நான் இறங்க, அம்மா ஏறினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போய் அவள் நாற்காலியில், அவளுடைய சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேடையில் இருந்தது அந்தப் பெண்ணாக நடித்த என் தோழி. தன் வசனத்தைச் சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள்.  அம்மா தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வை மட்டும் மூன்றாவது வரிசைக்கு வந்தது.

"நீ கடைசியா எறங்குனா இன்னா, மொதல்ல எறங்குனா இன்னா. கை வச்சது அவன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கே நம்புனேன். பயத்துல வாய் வேற பேசிடுச்சி."

யார் வந்து நடித்தாலும் எதை மாற்றினீர்கள் என்று அக்கா கேட்பது வழக்கம். அம்மாவிடமும் கேட்டார்.

"மாத்துனதுலாம் ஒண்ணும் இல்லம்மா. முன்ன அந்தப் பொண்ணு பேசனது அத்தினியும் நான் பேசனது. மூணு மாசமா இத எப்டி சொல்றதுன்னு தெர்ல."

 அவள் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் அழுதேன். வருத்தத்தில் இல்லை. மூன்று மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியதில் வந்த அழுகை.

வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் அம்மா கேட்டாள்: "நாளைக்கு கம்பெனி பஸ்ல யாரு கதைன்னு கேப்பாளுங்க. இன்னா சொல்லட்டும்? வேணான்னா, நாடகத்துக்காகப் பேசனேன்னு சொல்லிடறேன்."

இந்த விஷயத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "உள்ளத சொல்லும்மா" என்றேன்.

புகார், பள்ளிக்கூடம், ஸ்டேஷன், சமாதானம் பேச வந்த அவனுடைய மாமா, அவரை அம்மா திருப்பி அனுப்பியது எல்லாம் அதற்குப் பிறகு. அது இழுத்துக்கொண்டே போன கதை. அதையெல்லாம் நான் தாங்கினேன் என்றால் மறுநாள் சாயங்காலம் நடந்ததால்தான். அதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அம்மா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"கேட்டாங்களா?"

"கேட்டாளுங்க."

"இன்னா சொன்ன?"

"என் பொண்ணுதான்னு சொன்னேன்."