ஆர்மோனியத்துக்குள் காளான்

என் அம்மா மிச்சியோ, ஜப்பானின் தொத்தோரிக் கடற்கரையில் ஒரு தொடக்கப் பள்ளியின் ஊட்டச்சத்து ஆசிரியை. மதியச் சாப்பாட்டைத் தீர்மானிப்பதும், பிள்ளைகள் சாப்பிடும்போது அதைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசுவதும் அவள் வேலை. நான் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அவள் குரல் கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்த வருடம் ஒரு போட்டி வைத்தாள். வகுப்புகளிலிருந்து திரும்பும் பாத்திரங்களை எடை போடுவாள். மிச்சம் வைக்காத வகுப்புக்கு ஒரு கொடி. நான்காம் வகுப்பு அதைக் கைவிடவே இல்லை. வேறு பள்ளிகளிலிருந்து பார்க்க வந்தார்கள். அம்மா புதுக் கோட்டு வாங்கினாள்.

பிறகு நான்காம் வகுப்பின் கால்மிதி ஆர்மோனியம் பாடாமல் நின்றது. பழுது பார்க்க வந்தவர் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே துருத்தி வரைக்கும் காய்ந்த காளான். கொடி போய்விடக் கூடாதென்று, சாப்பிடாத காளானை வகுப்பே சேர்ந்து ஒளித்திருந்தது.

தலைமையாசிரியர் சொன்னார்: "புள்ளைங்கள நிக்க வச்சு மன்னிப்புக் கேக்க வச்சுடலாம். உங்க பேரு கெடாது டீச்சர்."

மறுநாள் மதியம் ஒலிபெருக்கியில் அம்மா பேசினாள்.

"எனக்குக் காளான் புடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே புடிக்காது. சமையல்கட்டுல நின்னு, அத ஒதுக்கிட்டுத்தான் சாப்பிடுவேன். உங்கள மட்டும் மிச்சம் வைக்காதீங்கன்னேன். ஒளிக்க வச்சது நான்தான். மன்னிச்சுக்கோங்க."

வகுப்பே என் பக்கம் திரும்பியது. பின்வரிசைக்காரன் கேட்டான்: "அப்போ உங்க வீட்டு ஆர்மோனியத்துல என்னடா இருக்கு?"

அன்று மாலை பள்ளி வாசலில் அம்மா எனக்காக நின்றிருந்தாள். நான் பின்கதவு வழியாகப் போனேன்.

அதன் பிறகு எடைக்கருவியை அவள் தொடவில்லை. தினம் ஒரு வகுப்பில், சிறிய நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிட்டாள். காளான் வரும் நாளில் ஒரு துண்டு போட்டுக்கொள்வாள். எல்லோரும் அவள் வாயையே பார்ப்பார்கள். சில நாள் விழுங்கிவிடுவாள். சில நாள், "இன்னைக்கு முடியல. அடுத்த தடவ பாக்கலாம்" என்பாள். ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

நான் குளிர்பதனப் பொறியாளனாகி ஒசாகா போனேன். பிப்ரவரியில் அம்மா இறந்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குச் சாப்பாட்டுக்கு ஒரு கடையில் தொலைபேசியில் சொல்லி வைத்தேன். அவள் படத்துக்கு முன்னும் ஒரு தட்டு வைத்தேன். மீன்பிடிப் படகு வைத்திருக்கும் தகுமி வந்திருந்தார். அன்றைய நான்காம் வகுப்புக்காரர். கும்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நடுவில் பெரிய காளான், சோயாவில் வேகவைத்தது.

"இத யாரு வச்சது?"

"நான்தான்."

 அவர் சாப்பிடும் குச்சிகளால் அந்தக் காளானை மட்டும் எடுத்தார்.

"டீச்சர், இத நான் சாப்பிட்டுடறேன்."

மெதுவாக மென்று விழுங்கினார். நான் தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடி, அவர் கோப்பையை நிரப்பவும் முடியாமல் நின்றேன்.