இரண்டு தரம் அடித்துக் கட் பண்ணுவது

லண்டன் ஸ்ட்ரெதமில் டொலறஸின் வாய்க்குப் பயப்படாத ஆள் குறைவு. கவுன்சில்காரரையே மன்னிப்புக் கேட்கவைப்பாள். கோயில் பாடகர் குழுவுக்குப் பிந்தி வந்தால் பாதருக்கு முன்னாலேயே ஏச்சு விழும். அப்படிப்பட்டவளுக்கும் மன்னாருக்குப் போன் எடுப்பதென்றால் மட்டும் பயம்.

மன்னாரில் இருப்பவள் தங்கை அனோஜினி. காணாமல் போன கணவனின் படத்தோடு ஆர்ப்பாட்டத்தில் நின்ற நாளிலிருந்து, தெரியாத நம்பர்களில் அவளுக்கு மிரட்டல். அதனால் சகோதரிகள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். டொலறஸ் போன் கார்ட்டில் எடுத்து, இரண்டு தரம் மணி அடித்ததும் கட் பண்ணுவாள். அடுத்த அழைப்பைத்தான் அனோஜினி எடுப்பாள். அடையாளம் இல்லாமல் அடித்தால் தொடவே மாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை புதுக் கார்ட். இரண்டு தரம் அடித்துக் கட் பண்ணிவிட்டுத் திரும்ப எடுத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, பதில் இல்லை. மன்னாரில் மத்தியானம் திரும்பிய நேரம்; லண்டனில் காலை முழுக்க விடாமல் முயன்றாள். பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ? செபமாலையை எடுத்தால் ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை. கார்ட் விற்ற றொனால்டின் கடைக்கு ஓடினாள்.

“மணி அடிக்குது தம்பி, அவள் எடுக்கிறாளில்லை!”

“நீங்கள் கேக்கிறது அங்கை அடிக்கிற மணியில்லை அக்கா. கார்ட்டிலை சுரண்டி எடுக்கிற பின் நம்பரைச் சரிபாத்திட்டு, கொம்பனிக் கொம்பியூட்டர் உங்கடை குரலை இன்டர்நெற்றாலை அனுப்ப வழி தேடும். இது மலிவுக் கார்ட். வழி கிடைக்க முன்னமே உங்கடை காதுக்குச் சும்மா மணியடிச்சுக் காட்டும். இரண்டிலை கட் பண்ணினா அங்கை ஒண்டும் போயிராது.”

“பிறகு எடுத்தது?”

“அது போயிருக்கும். அங்கை ஒரு பெட்டியிலை கனக்க உள்ளூர் சிம் போட்டு வைச்சிருப்பாங்கள். ஒவ்வொருக்காலும் அவவின்ரை போனிலை வேறை வேறை நம்பர் காட்டும்.”

டொலறஸ் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். அடையாளமே இல்லாமல், விதவிதமான உள்ளூர் நம்பர்களில், இவ்வளவு நேரமும் தங்கையை மிரட்டியது அவளேதான். அந்த நினைப்பு முன்னைய பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

றொனால்ட் கார்ட் இல்லாமல் தன் போனில் நேரே எடுத்துக் கொடுத்தான். இரண்டு தரம் அடித்ததும் கட் பண்ணி, மறுபடி எடுத்தாள். அனோஜினி உடனே எடுத்தாள்.

“அக்கா,” குரல் குசுகுசுத்தது. “மத்தியானத்திலையிருந்து விடாமல் போன் அடிக்கிறாங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டன். எங்கையெண்டு கேக்காதேங்கோ. இந்தச் சிம்மை எறியப்போறன்.”

“அனோ, அது நான்தானடி! நான்தான் அடிச்சது!”

அதற்குள் அவள் வைத்துவிட்டாள். டொலறஸ் திரும்பத் திரும்ப எடுத்தாள். அந்தப் போன் நிறுத்தப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று மொழிகளிலும் பணிவாகச் சொன்னது.