பென்சில் தமிழ்

பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, கிருஷ்ணகிரியில் பி.காம் சேர்ந்தேன். புத்தகமெல்லாம் இங்கிலீஷ். லைப்ரரியில் எதை எடுத்தாலும், முன்னால் படித்தவர்கள் வார்த்தைக்கு வார்த்தை மேலே பென்சிலில் அர்த்தம் எழுதி வைத்திருப்பார்கள். பாதி தமிழ், நடுநடுவே கன்னடம். எந்தப் புண்ணியவதியோ ஒரு பக்கம் முழுக்கத் தெலுங்கில் எழுதித் தொலைத்திருந்தாள். முதல் பாடம் தாண்டினால் பென்சிலும் நின்றுவிடும். அவர்களும் அதோடு விட்டுவிட்டார்கள் போல.

ஆகவே எல்லோரையும் போல நானும் கைடு வாங்கி மனப்பாடம் செய்தேன். எங்கள் வழக்கப்படி கேள்வியையும் சேர்த்தே உருப்போடுவோம். 'எக்ஸ்பிளைன் தி ஃபங்ஷன்ஸ் ஆஃப் மிடில்மென்' என்று கேள்வியைப் பார்த்தால் போதும், பதில் கடகடவென்று கொட்டும். அர்த்தமா? அதை யார் கேட்டார்கள்!

ஒரே ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. அப்பா அதிகம் பேசமாட்டார். "இந்தத் தடவ பாஸ் பண்ணிட்டீன்னா படி கண்ணு. இல்லீன்னா சூளகிரில கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க, போயிடு" என்றார். எனக்குப் படிக்கத்தான் ஆசை. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

பரீட்சையில் பத்து மார்க் கேள்வி 'எலூசிடேட்' என்று ஆரம்பித்தது. அதே வரியில் கொஞ்சம் தள்ளி 'இன்டர்மீடியரீஸ்' என்று இன்னொரு வார்த்தை. இரண்டு வார்த்தையும் கைடில் இல்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பதறக்கூட இல்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, மற்றதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கிளாஸ் தோழி பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். பத்து மார்க்கை விட்டுவிட்டேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! காலைல எங்கிட்ட ஒப்பிச்சியே மிடில்மென், அதேதான்டி அது! வேற வார்த்தை போட்டுக் கேட்டிருக்கான். உங்கப்பா தக்காளி கொண்டுபோய்ப் போடறாரே, அந்த மண்டிக்காரர் மாதிரி ஆளுங்களப் பத்திதான்."

"ஓ" என்றேன்.

"என்னடி ஓ? மண்டைல ஏறுதா இல்லியா?"

ஏறியது. ஆனால் அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது. நாலு மார்க்கில் போச்சு. அப்பா அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். திட்டவில்லை.

"பாடம் அவ்ளோ கஷ்டமா கண்ணு?"

"இல்லப்பா. நம்ம மண்டிக்காரர் மாதிரி ஆளுங்க என்ன வேலை செய்றாங்கன்னுதான் கேட்டிருந்தாங்க."

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"அதுகூடவா உனக்குத் தெரியல?"

இங்கிலீஷில் கேட்டிருந்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு அவர் கையிலிருந்த செம்பை வாங்கி உள்ளே வைத்தேன். மறு வாரம் கம்பெனி வேன் வந்து நின்றது, ஏறி உட்கார்ந்தேன்.