சாமி லைனில் ஓடிய சர்வர்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் கோமளாவுக்குப் பதவி சிஸ்டம் இன்சார்ஜ். அந்தப் பிரிவில் ஆள் ஒருத்திதான் என்பதால் அதிகாரியும் அவளே, அதிகாரி ஏவும் வேலையைச் செய்பவளும் அவளே. குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஏ.சி.யில் தண்ணீர் சொட்டினாலும் அவளைத்தான். இரண்டும் கரண்டில் ஓடுகிறதல்லவா.

2006 ஆவணியில், சரக்கு வாங்கும் ஜெர்மனி பையரிடமிருந்து கடிதம் வந்தது. ஐப்பசியில் ஆய்வுக்கு ஆள் வரும். கம்பெனி ஃபைலெல்லாம் இருக்கும் சர்வரில் ஓடுவதற்கு லைசென்ஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கோடைக்கால ஆர்டர் கிடையாது. அதில் ஓடியதோ திருட்டுக் காப்பி மென்பொருள். முதலாளி பழனிமுத்து, நூலில் எடை குறைந்தால் லாரியையே திருப்பி அனுப்புகிற நேர்மைக்காரர். ஆனால் கையில் பிடித்துப் பார்க்க முடியாத சரக்குக்கு விலை உண்டென்பதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

லினக்ஸ் என்ற வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாம், அது இலவசம் என்றாள் கோமளா. விலை கொடுக்க மறுத்தவருக்கு இலவசம் என்றதும் சந்தேகம் வந்துவிட்டது.

“சும்மா குடுக்கறவன் எதுக்குங்க அம்மணி குடுக்கறான்?”

அரைமணி நேரம் விளக்கினாள். அவர் நம்பவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. ஒரே ஒரு நாள் தருவதாகச் சொன்னார். மறுநாள் காலை எவராவது ஃபைலைக் காணோம் என்றால் பழைய சர்வரே திரும்ப வரும். ஆர்டர் போனால் அந்தப் பழி அவள் தலையில்.

ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடக்கிற கம்பெனியில் எல்லோரும் ஃபைலிலிருந்து கையெடுக்கிற நாள் ஆயுத பூஜை ஒன்றுதான். அன்று பொட்டு வைத்த மெஷினைத் தொடக்கூடாது. மெயின் சுவிட்சை முதலாளியே அணைப்பார், விஜயதசமி காலையில் அவரே போடுவார். வருஷம் முழுக்க மெஷின் நிற்கக்கூடாது என்பவர், அன்று ஒரு நாள் ஓடக்கூடாது என்பார்.

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாம் நகர்ந்து முடியப் பதினான்கு மணி நேரம் ஆகும். யு.பி.எஸ். பேட்டரி அரைமணி தாங்கும். அந்த அறைக்கு மட்டும் கரண்டு விடச் சொல்லிக் கேட்டாள். அப்பா காலத்து வழக்கம், சர்வருக்கென்று தனிச் சட்டமா என்று முதலாளி முடித்துவிட்டார். கோமளா வாதாடவில்லை. கட்டடத்தில் அன்று எது எரியும் என்று பார்த்தாள். சாமி ரூமில் படங்களுக்குப் போட்ட சீரியல் செட் விளக்கு தனி ஒயரில் இருந்தது. அது அணைந்தால் அபசகுனம் என்று அதற்கு ஜெனரேட்டர் இணைப்பு வேறு.

பூஜையன்று காலை, துணி தள்ளும் டிராலியில் இரண்டு சர்வரையும் ஏற்றிச் சாமி ரூமுக்குக் கொண்டுபோனாள். இணைத்தாள், வேலையைத் தொடக்கிவிட்டாள், ஒதுங்கிக் கைகட்டி நின்றாள். சந்தனத் தட்டோடு முதலாளி வந்தார்.

“என்னம்மணி இது?”

“இனி தொடமாட்டனுங்க. அதுபாட்டுக்கு ஓடுமுங்க. பொட்டு வெச்சிருங்க.”

“கரண்டு?”

“சாமி லைனுங்க. அணைக்கோணும்னா நீங்களே அணைச்சிருங்க சார்.”

பழனிமுத்து சீரியல் செட்டைப் பார்த்தார், சர்வரைப் பார்த்தார், மறுபடி சீரியல் செட்டைப் பார்த்தார். பிறகு மூன்று விரலால் சந்தனம் எடுத்தார். காற்றுத் துளை அடைக்காமல் கொஞ்சம் மேலே வைக்கச் சொன்னாள் கோமளா. மேலேயே வைத்தார்.

விஜயதசமி காலையில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் செல்வக்குமார் எந்த ஃபைலாவது குறைகிறதா என்று நாற்பது நிமிஷம் தேடினார். இந்தப் புதுமையெல்லாம் தேறாது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எதுவும் குறையவில்லை. வைரஸ் தின்றுவிட்டதென்று மூன்று வருஷத்துக்கு முன் அவர் முதலாளியிடம் சொன்ன சாம்பிள் ரிப்போர்ட்கூடப் பத்திரமாக இருந்தது. காணாமல் போனதாகப் புகார் சொல்ல வந்தவர், கிடைத்ததைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பழைய சர்வரில் இருந்த திருட்டுக் காப்பியைக் கோமளா அன்றே அழித்துவிட்டாள். புதிய சர்வரைச் சாமி ரூமிலிருந்து நகர்த்தத்தான் முதலாளிக்கு மனசு வரவில்லை. ஐப்பசியில் வந்த ஆய்வாளர் சர்வரைப் பார்க்க வேண்டும் என்றபோது, முதலாளி அவரை வாசலில் நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொன்னார். ஆய்வாளர் சாக்ஸோடு நின்று, லினக்ஸின் இலவச லைசென்ஸ் தாளை இரண்டு முறை படித்து, சரி என்று குறித்துக்கொண்டார்.

கோடைக்கால ஆர்டர் உறுதியானது. கோமளாவுக்கு வேலையும் ஒன்று கூடியது: சர்வருக்குத் தினமும் பூ மாற்றுவது. காற்றுத் துளையை மறைக்காமல் வைக்க அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று முதலாளியே உத்தரவு போட்டார்.