பக்கக் காற்றில் நிமிர்ந்தே இறங்கியவர்

கந்தப்பனார் காலமானார் என்ற செய்தி அவர் தோட்டமிருக்கும் தேவனூரிலிருந்து வந்த அன்று மாலை, நம் தோட்டக்காரர் சங்கத்தின் செயற்குழு அவசரமாகக் கூடியது. நெடுநேரம் விவாதித்து, கருத்து வேறுபாடுகளைக் களைந்து, ஒருமனதாக முடிவெடுத்தது: அன்றைய சீட்டாட்டம் அரைமணி நேரம் தள்ளிவைக்கப்படும். இதற்குமுன் சங்கத்துக் கூரை காற்றில் பறந்தபோதுகூடச் சீட்டாட்டம் பக்கத்து அறைக்குத்தான் போனது, நேரம் மாறவில்லை. மறைந்தவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய நம்மால் முடியாது என்பதை அவரை அறிந்த நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

கொல்லிமலையில் சொந்தமாக விமானம் செய்தவர் அவர் ஒருவரே. மரச்சட்டம், துணி, அதன்மேல் வார்னிஷ், யுத்தம் முடிந்து கழித்துப் போட்ட ஓர் எஞ்சின். எஞ்சினை ஆட்கள் கம்பில் கட்டி முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேற்றினார்கள். கந்தப்பனார் பின்னால் டோலியில் வந்தபடி, "பாத்து, பாத்து" என்று சொல்லியே மிகவும் களைத்துப்போனார்.

ஓடுபாதையைத் தெற்கு வடக்காகப் போட்டார். காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். கிழக்கு மேற்காகப் போட்டிருந்தால் காற்றை எதிர்த்து நேராக இறங்கியிருக்கலாம். ஆனால் மேற்குக் கோடியில் அவருடைய பெரியப்பா மகன் மாரிமுத்துவின் பங்களா இருந்தது. பாகப்பிரிவினைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. "அவன் வாசலுக்கு நேரா நான் போயி நிக்கறதா?" என்றார். ஆகவே, பக்கக் காற்றில் இறங்கும் கலையை அவர் இந்த மலைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்தக் கலை அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சங்கத்தில் சாப்பாட்டுத் தட்டையே விமானமாகக் கையிலேந்திப் பாடமே நடத்துவார். "காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துச் சிறகத் தாழ்த்தோணும். எதிர்க்காலால சுக்கான அமுக்கோணும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரம் மொதல்ல தரையத் தொடும். அவ்வளவுதானுங்க." ஆரம்பத்தில் அப்படியே இறங்கவும் செய்தார்.

அதை நிறுத்தியது மாரிமுத்து சந்தையில் சொன்ன ஒரு பேச்சு. "நம்ம கந்தப்பன் மானத்துல வந்தாலும் மரியாத தெரிஞ்சவனுங்க. எம்பட ஊட்டுப் பக்கம் சாஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் எறங்கறான்." சந்தையே சிரித்தது.

அதன்பின் கந்தப்பனாரின் மேற்குப் பக்கத்துச் சிறகு தாழவில்லை. வடக்கிலிருந்து வந்து தெற்குப் பார்த்து இறங்கியும் பார்த்தார். பங்களா மேற்கிலேயே இருந்தது. நிமிர்ந்த விமானத்தைக் காற்று கிழக்கே தள்ளியது. கிழக்கே வெள்ளையனின் சாமைக்காடு.

"ஏனுங்க, போன வாட்டியும் எங்காட்டுலதானுங்க வந்து நின்னுச்சு" என்றார் வெள்ளையன்.

"நானா வந்தேன்? காத்து தள்ளுது, வெள்ளையா."

"காத்து எங்க ஊட்டையுந்தானுங்க தள்ளுது. அதுக்காவ ஊடு உங்க தோட்டத்துலயா வந்து நிக்குது?"

கந்தப்பனார் இதை விமான இயல் அறியாதவர் பேச்சென்று தள்ளிவிட்டார்.

நானும் ஒருமுறை அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இறங்கும்போது, "கொஞ்சம் சாய்ங்க!" என்று கத்தினேன். "அவன் பாத்துட்டிருக்கறான்" என்று பதில் வந்தது. பிறகு சாமைக்கதிர்களுக்குள்ளிருந்து என்னைத் தூக்கி நிறுத்தி, "பாத்தீங்களா, ஒரு வெரக்கட சாயல" என்றார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. "எம்பட தோட்டத்துல ஒரு மொளகுக்கொடிகூட அவங்கைக்குப் போகப்படாது" என்பார். அப்படியானால் உயில் எழுதிவிடுங்கள் என்று இந்த ஆடிப் பிறப்பன்று சொன்னேன். "ஆடி போகட்டுங்க. ஆடியில போயி எதையாச்சும் எழுதுவாங்களா?" என்றார். ஆடியில் எழுதக்கூடாதென்றவர், ஆடியில் பறப்பதில் குற்றம் காணவில்லை.

அந்த வாரமே பறந்தார். மாரிமுத்து பங்களா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விமானம் இம்மியும் சாயாமல் வந்தது. காற்று இம்முறை அதைச் சாமைக்காட்டில் விடவில்லை. அதற்கப்பால் நின்ற பலாமரம் வரை கொண்டுபோனது.

அவரை நினைக்கையில் என்னிடம் மிஞ்சுவது அந்தக் கழுத்துதான். இந்த மலையில் அவ்வளவு நேராக நின்ற கழுத்தை நான் பார்த்ததில்லை.

மாரிமுத்து கொள்ளி வைத்தார். வேறு வாரிசு இல்லாததால் தோட்டமும் ஓடுபாதையும் அவரைச் சேர்ந்தன.