மில் ஷெட்டில் முதல் நாடகம்

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் ஜோகுபாளையத்துக்கு அந்தப் பக்கம், இயந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட மில் ஷெட் ஒன்று காலியாகக் கிடந்தது. மூடும்வரை அக்கா அங்கேதான் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். அதை நாடகக் கூடமாக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் பைத்தியம். எனக்கு அந்தக் கூரையைப் பார்த்தாலே கால் தரையில் நிற்காது. எவ்வளவு உயரம்! காற்றே வேடம் கட்டிக்கொண்டு நடமாடுவது போலிருக்கும்.

முதலாளிக்கோ இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்ட ஆசை. "நாடகமா? பாதியில எழுந்து பஸ்ஸ பிடிக்கப் போயிடுவாங்கம்மா."

அக்கா விடவில்லை. "ஒரே ஒரு சாயங்காலம் குடுங்க சார். ஜனம் எழுந்து போச்சுன்னா நாளைக்கே புல்டோசர் கொண்டாங்க. உக்காந்து பாத்துச்சுன்னா ஷெட் எங்களுக்கு வாடகைக்கு."

"ஆய்து, ஆய்து," என்று கன்னடத்தில் சரி சொல்லிச் சிரித்தார். தோற்கப்போகிறவர்களுக்குக் காட்டும் தாராளம் அது.

சுண்ணாம்பு அடித்தோம். எண்ணெய்க் கறையைச் சுரண்டினோம். போகாத கறைமேல் பாய் விரித்தோம். நடித்தவர்கள் அக்காவோடு வேலை பார்த்த பெண்கள். மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து நிறைந்தார்கள். முதலாளி முன்வரிசையில்.

பெண் பார்க்கும் காட்சி. தரகராக அக்கா வாயைத் திறந்தாள், மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழை, தகரக் கூரை. ஒரு சொல் கேட்கவில்லை. பின்னால் ஒருவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள். இயந்திர இரைச்சலில் காது எதற்கும் உதவாது. மில்லில் எல்லாரும் கையால் பேசிப் பழகியவர்கள். கன்னத்தை உப்பினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். அக்கா கன்னத்தை உப்பி, ஒட்டுமீசை வைத்த மாப்பிள்ளையைக் காட்டினாள். ஷெட்டே வெடித்துச் சிரித்தது. எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். மணப்பெண் கட்டைவிரலை வாய்க்குச் சரித்து, குடிப்பாரா என்றாள். கூட்டத்தின் கைகளெல்லாம் பதில் சொல்லக் கிளம்பின, கூரைக்கடியில் ஒரே நேரத்தில் எழும்பிய புறாக்கள் மாதிரி.

முதலாளிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. எழுந்து நின்று, "என்ன சொல்றா? யாராவது சொல்லுங்கப்பா!" என்று கத்தினார்.

அவர் தோளை அழுத்தி உட்காரவைத்த ஒரு பெண் காதருகே குனிந்து கத்தினாள்: "உக்காருங்க சார், மறைக்குது!"

கடைசிக் காட்சிவரை ஒருவர்கூட அசையவில்லை. முடிந்ததும் முதலாளி மேடைக்கே வந்தார்.

"ஷெட் உங்களுக்குத்தாம்மா. அடுத்தது எப்போ?"

"அடுத்த மாசம்," என்றாள் அக்கா. "ஆனா நீங்க கடைசி வரிசைதான் சார்."