ஆடாமல் அசையாமல் அரை மணித்தியாலம்

என் அக்காவைப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளைத் தெரிந்த யாரும் சொல்வார்கள். அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாது. தேத்தண்ணி குடிக்கும்போதுகூட ஒரு மிடறு குடித்துவிட்டு எழும்பிப் போய் யன்னல் சீலையைச் சரிசெய்துவிட்டு வந்துதான் அடுத்த மிடறு. அப்படிப்பட்ட மனுசி, விக்டோரியா மகாராணி காலத்து முறையில், கண்ணாடித் தட்டில், அரை மணித்தியாலம் அசையாமல் இருந்து எடுக்கிற படம்தான் தனக்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கு அப்போது வந்த எரிச்சல் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், விட்பி நகருக்கு வடக்கே, புதிய வீட்டுத் திட்டங்கள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு பெரிய வீடு இருக்கிறது. இங்கிலாந்துப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளைக் கண்டு ஆசைப்பட்ட ஒரு மர வியாபாரி கட்டியது. பிற்காலத்தில் அதைப் பார்வைக்கு வைத்தார்கள். அக்கா அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களுக்கே பிள்ளைகள். அந்த வீட்டு வரவேற்பறையின் வாசலில் ஒரு தடித்த கயிறு கட்டியிருக்கும். பார்க்க வருகிறவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கலாம். உள்ளே யன்னலோரம் ஒரு வெல்வெட் கதிரை. அக்கா அதைத் தூசு தட்டியிருக்கிறாள், கால்களுக்கு மெழுகு பூசியிருக்கிறாள். ஒருநாளும் அதில் இருந்ததில்லை.

சென்ற வருடம் அந்த வீட்டை மூடுவதென்று முடிவானது. சாமான்களை வேறு இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்களாம். மேலாளராக இருந்த வெள்ளைக்காரப் பெண் நல்ல குணம். வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு நினைவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மற்றவர்கள் பூச்சாடி, மேசை விரிப்பு என்று கேட்க, அக்கா தான் அந்தக் கதிரையில் ஒருமுறை இருந்து படம் எடுக்க வேண்டும் என்றும், தம்பி படக்காரன் என்றும், அவனிடம் அந்தக் காலத்துக் கமராவே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டாள். மேலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசி நாள், ஆட்கள் போன பிறகு வரச் சொல்லியாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

நான் ஸ்காபரோவில் கலியாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று படம் எடுக்கிறவன். மரக்கமரா என் பொழுதுபோக்கு. வீட்டில் அதற்குப் பெயர் பிரேதப்பெட்டி. அதை வைத்து இறங்குதுறையும் மரமும் எடுத்திருக்கிறேனே தவிர, வெளிச்சம் குறைந்த அறைக்குள் ஆளை இருத்தி எடுத்ததில்லை. போனிலேயே நல்ல வடிவாக எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, சட்டம் போட்டுத் தருகிறேன் என்று அக்காவுக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். போனில் யாரும் எடுக்கலாம் என்றாள். அந்த வீட்டு நடையில், அதே அறையை, அதே கதிரையில் வீட்டுக்காரச் சீமாட்டி இருக்க எடுத்த பழைய படம் ஒன்று தொங்குகிறது. அதைப் போலவே தனக்கும் வேண்டும். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீடுகளின் உள்ளறைகளைப் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வெளிப்பக்கத்தை வெயிலில் எடுத்துவிடலாம். உள்ளே கனத்த திரைச்சீலை, கறுத்த மரம், சுவரெல்லாம் பூப்போட்ட தாள். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், சில அறைகளில் மணித்தியாலக் கணக்கில். யன்னல் பக்கம் வெளிச்சம் பொங்கிவிடும், மூலையில் ஒன்றும் பதியாது. அதனால் யன்னலைப் பாதி மறைப்பார்கள், முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை மூலைக்குத் திருப்புவார்கள். பலகை நிலம் அதிரக்கூடாது என்று வீட்டுக்காரர்களையே வெளியே அனுப்புவார்கள். யாராவது குறுக்கே நடந்து போனாலும் படத்தில் அவர் இருக்கமாட்டார். அந்தப் படங்களில் அறை முட்டச் சாமானும் ஆளே இல்லாத அமைதியும் இருப்பது இதனால்தான். கதிரைக்குப் பொறுமை இருக்கிறது, மனிதர்களுக்கு இல்லை.

இதையெல்லாம் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அசைந்தால் அழிந்துபோவீர்கள் என்றேன். அத்தோடு இந்தத் தட்டுக்குச் சிவப்புத் தெரியாது, சிவப்பெல்லாம் கறுப்பாக விழும், ஆகவே வெளிர்நிறச் சேலை கட்டுங்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள். அன்றைக்கு அவளை ஏற்ற அஜக்ஸில் அவளுடைய வீட்டுக்குப் போனால், விண்டர் ஜக்கெற்றுக்குக் கீழே அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பளபளக்கிறது. கூறைச்சேலைக்கு அடுத்தது அதுதான் தன்னிடம் நல்லது என்றாள். நான் வாகனத்தைக் கிளப்பினேன். வாயைத் திறந்திருந்தால் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனம் ஓடியிருக்க முடியாது.

மார்கழி மாதம். வெளிச்சம் நாலரைக்கே போய்விடும். நாங்கள் போனபோதே யன்னலில் சாம்பல் நிறம். மேலாளர் கயிற்றைக் கழற்றிவிட்டாள். அக்கா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு அறைக்குள் போய், கதிரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சேலைத் தலைப்பால் கதிரையை ஒருமுறை துடைத்துவிட்டு, நுனியில் இருந்தாள். நல்லாய்ச் சாய்ந்து இருங்கோ என்று நான் மூன்று தரம் சொன்ன பிறகுதான் சாய்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. வடிவாகத்தான் இருந்தாள். மூடியைக் கழற்றினேன். நிலம் அதிருமென்று, எழும்பவே கூடாது என்று கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு நடையில் நின்றேன். என்னிடம் இருந்தது அந்த ஒரேயொரு தட்டு. விடிந்தால் சாமான் ஏற்ற லொறி வந்துவிடும்.

பாதி நேரம் போயிருக்கும். கதவு இடுக்கில் மஞ்சளும் வெள்ளையுமாக வெளிச்சம் தெரிந்தது. மெதுவாகக் கதவைத் தள்ளினேன். மூலை மேசையில், எண்ணெய் விளக்கு மாதிரிச் செய்து உள்ளே மின்குமிழ் பூட்டிய ஒரு விளக்கு உண்டு. அது எரிகிறது. அக்கா கதிரையில் இல்லை. விளக்குக்கு முன்னால், கண்ணை மூடி, கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. தேவாரம்.

கத்தவேண்டும் போல இருந்தது. சாமி கும்பிடுகிற மனுசியை எப்படிக் கத்துவது? ஓடிப்போய் மூடியைப் போட்டால் நிலம் அதிர்ந்து இருக்கிறதும் கெட்டுவிடும். வாசலில் அப்படியே நின்றேன். அவள் அவசரப்படவில்லை. பஞ்சபுராணத்தின் ஐந்து பாட்டையும் முழுதாகப் பாடி முடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். என் சீவியத்தில் அவள் அவ்வளவு நேரம் ஆடாமல் நின்று நான் கண்டதில்லை. கண்ணைத் திறந்ததும் நான் கால் பெருவிரலில் நடந்துபோய் மூடியைப் போட்டேன்.

"என்ன அக்கா செய்தனீங்கள்? எழும்பாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லே?"

"விளக்கு வைக்கிற நேரம் தம்பி. வீட்டை இருட்டாய்ப் போட்டுட்டு இருக்கலாமே?"

"இது உங்கட வீடே?"

அவள் விளக்கைப் பார்த்தாள். "நாளைக்குப் பூட்டப்போகினம். கடைசி நாளும் இருட்டிலயோ விடுறது?"

போனை எடுத்து, திரும்பப் போய் இருங்கோ, இதிலாவது ஒன்று எடுத்துவிடுவோம் என்றேன். வேண்டாம் என்றாள். ஒருமுறை இருந்ததே போதும், மேலாளர் கதவைப் பூட்டத் திறப்போடு காத்துக்கொண்டு நிற்கிறா, அந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போகவேணும் எல்லே என்றாள். வரும் வழியெல்லாம் அவள் பேரப்பிள்ளைகளின் சளியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் தட்டைக் கழுவினேன். அறை அருமையாக விழுந்திருந்தது. திரைச்சீலையின் மடிப்பு, சுவர்த்தாளின் பூ, எல்லாம். விளக்கைச் சுற்றி வெளிச்சம் பொங்கி, அதுவரை இருட்டில் ஒன்றும் பதியாத அந்த மூலையில் அக்கா கைகூப்பியபடி, கண்மடல்கூடத் தெளிவாக. நெற்றிப் பொட்டு கறுப்பு. கதிரையில் இன்னொரு அக்கா. அவள் புகை. சிவப்புச் சேலை பதியவே இல்லை, அவள் எழும்பிப் போன பிறகு வெறும் கதிரைதான் பதிந்திருக்கிறது, அவளுடைய மடிக்கு ஊடாகக் கதிரையின் பொத்தான்கள் தெரிகின்றன. உற்றுப் பார்த்தால்தான் ஒரு முகமும் இரண்டு கைகளும். அவள் எதற்காக இவ்வளவு ஆட்டமும் ஆடினாளோ அதுதான் விழவில்லை. அவளை நினைத்துக் கவலையாகவும் இருந்தது, இரண்டு அறை அறையலாம் போலவும் இருந்தது.

நிற்கிற பக்கத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரலாம் என்றேன். ஒரு கோயில் படம் போல அவ்வளவு அழகு அது. அக்கா கேட்கவில்லை. முழுப்படமாகத்தான் சட்டம் போடவேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன். இப்போது அஜக்ஸ் வீட்டில், வாசலுக்கு நேரே தொங்குகிறது.

போன கிழமை அவளுடைய சம்பந்திவீட்டு மனுசி ஒருத்தி வந்திருந்தா. நானும் இருந்தேன். படத்துக்கு முன்னால் நின்று, எந்த ஊர் அரண்மனை இது என்று வியந்தா. அக்கா கிட்டப் போய், விரலால் அந்தக் கதிரையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒன்றுமே தெரியவில்லை என்றா வந்தவ. வடிவாய்ப் பாருங்கோ, சாய்ந்து இருக்கிறன் என்றாள் அக்கா. வந்தவ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினா. பிறகு, கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று நிற்கிற உருவத்தைக் காட்டி, அப்ப இது யார் என்று கேட்டா.

நான் வாயெடுக்க முன்னம் அக்கா சொல்லிவிட்டாள்.

"உவவோ? உவ அங்க வேலை செய்த மனிசி."